திருப்பிக் கேட்ட பெஞ்சு

வாங்க கண்ணுகளா, ஏன் எட்ட நிற்கிறீர்கள், இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பெஞ்சின் கதை. இதில் ராஜா இல்லை, பேய் இல்லை, புதையல் இல்லை. ஒரு மனிதர் தன் கையால் செய்ததைக் கொடுத்துவிட்டு, மனசு ஆறாமல் திருப்பிக் கேட்ட கதை. கொஞ்சம் கசக்கும். பாகற்காய் தின்று வளர்ந்த பிள்ளைகள்தானே, தாங்கிக்கொள்வீர்கள்.

கூடலூரில் கோட்டைச்சாமி என்று ஒருவர் இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. வெறும் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பெட்டி அடிக்கிற கோட்டைச்சாமி என்றால் தெரியும். தக்காளியும் திராட்சையும் கேரளத்துக்குப் போகிற மரப்பெட்டிகளை அடிக்கிற வேலை அவருக்கு. நாலு பலகை, பதினாறு ஆணி, முடிந்தது ஒரு பெட்டி. அந்தப் பக்கம் போன பெட்டி திரும்பி வந்ததே இல்லை. சரக்கை இறக்கினதும் உடைத்து அடுப்பில் வைத்துவிடுவார்கள். முப்பத்தைந்து வருசமாக அவர் செய்ததையெல்லாம் யாரோ எரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் ஆசை வந்தது. எரியாத ஒன்றைச் செய்யவேண்டும்.

குமுளிக்கு மேலே காற்றில் விழுந்த பலாமரம் ஒன்றில் இரண்டு துண்டு கிடைத்தது. மில்லில் அறுத்து, பரணில் ஏற்றி, ஒரு வருசம் காயவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் யாரோ வடநாட்டுக்காரர் மரவேலை செய்து காட்டுவதைப் பார்ப்பார். பாஷை ஒரு சொல்லும் புரியாது. அந்த ஆளின் கையை மட்டும் பார்ப்பார். ஒரு கட்டையின் முனையை நாக்குப் போலச் சீவி, இன்னொரு கட்டையின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மூங்கில் முளை அடித்து இறுக்குகிற வித்தையை அப்படித்தான் படித்தார். முதல் மூன்று தடவை கட்டை பிளந்தது. நாலாவது தடவை உட்கார்ந்தது.

இரண்டு வருசம் ஆனது ஒரு பெஞ்சுக்கு. மூன்று பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாம். சாய்மானம் கிடையாது. பலாவின் மஞ்சள் நாளாக நாளாகத் தேன் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஓர் ஆணி இல்லை. தன் வீட்டு முன்அறையில் அதைப் போட்டு, காலையில் டீயோடு அதில் உட்காருவார். வேறு யாரையும் உட்கார விடமாட்டார். பெண்டாட்டி அன்னத்தாய் ஈரச்சேலையோடு அந்தப் பக்கம் போனாலே "ஏய், எட்டிப் போ" என்பார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே சுற்றிப் போவாள்.

அவர்களுக்கு ஒரே மகள், யுவராணி. அம்மாவைப் போலக் குள்ளம், அப்பாவைப் போல வீம்பு. அவளைப் பெண் கேட்டுச் சுருளிப்பட்டியிலிருந்து வந்தார்கள். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை சுரேஷ்கண்ணன், தகப்பன் இல்லாத பையன். தாய் சுப்புத்தாய்தான் தோட்டத்தையும் வீட்டையும் ஆண்டவள்.

பூ வைக்க வந்த அன்று எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சுப்புத்தாய் மட்டும் நேரே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கோட்டைச்சாமி பாதி எழுந்துவிட்டார், ஆனால் சம்பந்தக்காரியை எழுந்திரி என்று சொல்ல முடியுமா? அவள் பேசிக்கொண்டே கையைப் பலகைக்கு அடியில் விட்டுத் தடவினாள்.

"அண்ணே, இதுல ஆணியே தட்டுப்படலையே."

"இல்ல தங்கச்சி. ஆணி அடிக்கல."

"ஆணி இல்லாமலா இப்படிக் கல்லு மாதிரி நிக்குது? யாரு செஞ்சது?"

"நான்தேன்."

அவள் எழுந்து நின்று பெஞ்சை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள். முப்பத்தைந்து வருசத்தில் அவர் செய்த சாமான் ஒன்றின் அடிப்பக்கத்தை யாரும் தடவிப் பார்த்ததில்லை, கண்ணுகளா. அந்த ஒரு நிமிசச் சந்தோசத்தில் மனிதருக்கு வாய் நிற்கவில்லை.

"உங்க வீட்டுக்குன்னுதான் தங்கச்சி செஞ்சேன். மக கூடச் சீரோட வரும்."

பொய். மகளுக்கென்றுகூட அவர் அதைச் செய்யவில்லை. தனக்கென்று செய்தது. சொன்ன வாயை மூடுவதற்குள் கூட வந்த பெண்கள் நாலு பேரும் பெஞ்சைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அன்னத்தாய் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"செஞ்ச நாள்லருந்து என்னைய அதுல ஒரு நேரம் உக்கார விடல. இன்னிக்கு வந்த மகராசிக்குத் தூக்கிக் குடுத்துட்டீக."

"சோபா வாங்கிக் குடுத்துருவோம். பெஞ்சு இங்கனயே இருக்கட்டும்."

"வாய் விட்டுச் சொல்லிட்டு மாத்துவீகளோ. பொண்ணு வாழப் போற வீடு."

மாற்ற முடியவில்லை. தை மாதம் கல்யாணம். சீர் ஏற்றிய வண்டியில் பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் போனது, கடைசியாகப் பெஞ்சும் போனது. யுவராணி காரில் ஏறும்போது அன்னத்தாய் அழுதாள். கோட்டைச்சாமியும் கண்ணைத் துடைத்தார். எதற்குத் துடைத்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு மகள் வீட்டுக்குப் போகிற போதெல்லாம் அவர் கண் முதலில் தேடியது பெஞ்சை. முதல் தடவை அது கூடத்தில் இருந்தது. இரண்டாம் தடவை கூடத்தில் ஒரு சோபா வந்திருந்தது, பெஞ்சு பின்கட்டுக்குப் போயிருந்தது, மேலே துவைத்த துணி. மூன்றாம் தடவை பின்கட்டிலும் இல்லை. எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. மகள் வைத்த காப்பி ஆறிப்போனது. "என்னப்பா, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று அவள்தான் கேட்டாள்.

விசயம் சீனிச்சாமி வாயால் வந்தது. சீனிச்சாமி திராட்சை வியாபாரி, கோட்டைச்சாமியிடம் பெட்டி வாங்குகிறவர், நாக்கில் எப்போதும் கொஞ்சம் மிளகாய்ப்பொடி வைத்திருக்கிற ஆள்.

"என்னப்பா பெட்டி, உன் பெஞ்சு இப்ப வேலைக்குப் போகுதாமே."

"எந்தப் பெஞ்சு?"

"அதேன், ஆணி இல்லாத அதிசயம். சம்பந்தக்காரம்மா தோட்டத்துல, பந்தலுக்கு அடியில கிடக்கு. பொம்பளைக சேத்துக் காலோட ஏறி நின்னு, கொத்துல நெருக்கமா இருக்குற பிஞ்சக் கத்தரிச்சுக் கழிக்கிறாக. நல்ல உசரமாச் செஞ்சிருக்கப்பா. அவுகளுக்கு ஏணி மிச்சம்."

சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். கோட்டைச்சாமி அன்றைக்கு அடித்த பெட்டியில் பாதி கோணல்.

மறுநாள் மத்தியானம் பஸ் ஏறிச் சுருளிப்பட்டித் தோட்டத்துக்கே போனார். வேலியோரம் நின்று பார்த்தார். கல்தூணும் கம்பியுமாகப் பந்தல், அதிலிருந்து தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். வேலைக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஆள் இல்லாத பந்தலுக்கு அடியில் பெஞ்சு தனியாக நின்றது. நாலு காலும் விரற்கடை ஆழம் ஈரமண்ணில் இறங்கியிருந்தன. மேல்பலகை முழுக்கக் காய்ந்த சேற்றுத் தடம். பந்தலுக்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து சொட்டிச் சொட்டித் தேன் நிறத்தில் நீலமாகப் படர்ந்திருந்தது, ஆறாத காயத்தில் மருந்து பூசினதுபோல. அவர் உள்ளே போகவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினார். கேட்டிருக்கலாம். அந்த நாளில் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. உள்ளுக்குள் வைத்தே புளிக்கவிட்டார். சுப்புத்தாய் அன்று அடிப்பலகையைத் தடவியது நடிப்பென்று பட்டது. மகளை எப்படி வைத்திருக்கிறார்களோ என்று வெளியே சொல்லிக்கொண்டார், உள்ளே பெஞ்சைத்தான் நினைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அழைத்துவருவது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியாததா. அன்னத்தாய் பலகாரம் சுட்டு, பழம் வாங்கி, சேலை எடுத்து, தாம்பாளம் நிரப்பினாள். வாசலில் கார் வரும் என்று பார்த்தால் குட்டியானை என்கிற சாமான் ஏற்றும் சின்ன வண்டி வந்து நின்றது.

"இதுல எப்படி மகளையும் மருமகனையும் கூட்டியாரது?"

"அவுக பைக்ல வரட்டும். எனக்கு வேற ஒரு ஏத்து இருக்கு."

என்ன ஏற்று என்று அவள் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

சுருளிப்பட்டியில் சுப்புத்தாய் வாசலுக்கே வந்து கூப்பிட்டாள். இலை போட்டுக் கோழிக்குழம்பு ஊற்றினாள். யுவராணி பையைக் கட்டி வைத்துவிட்டு, அம்மாவுக்குக் காட்ட ஏதோ சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது, கொஞ்சம் சதையும் போட்டிருந்தாள். அன்னத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். கோட்டைச்சாமி பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தவர் நின்றபடியே சொன்னார்.

"தங்கச்சி, அந்தப் பெஞ்சையும் ஏத்திக்கிட்டுப் போயிர்றேன்."

சுப்புத்தாய் சிரித்தாள். "எதுக்குண்ணே? பாலீசு போடவா?"

"போடுவேன். போட்டு அங்கனயே வச்சுக்கிருவேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. தெருவில் நின்ற குட்டியானையை அவள் எட்டிப் பார்த்தாள். பொண்ணு பையோடு நிற்கிறாள், வாசலில் சாமான் வண்டி நிற்கிறது, சீரைத் திருப்பிக் கேட்கிறார் தகப்பன். எதிர்வீட்டில் அதற்குள் இரண்டு பேர் கதவோரம் வந்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணை உறவு முறித்துக் கூட்டிப்போகிறவர்கள்தான் அப்படி வண்டியோடு வந்து சீரை ஏற்றுவார்கள்.

"அண்ணே, தெரிஞ்சுதான் பேசுறீகளா? ஆடி அழைக்க வந்த இடத்துல சீரு சாமானைக் கேக்குறீக."

"எனக்கு எல்லாம் தெரியும். சேத்துக் கால வச்சு மிதிக்கிறதுக்கா நான் ரெண்டு வருசம் இழைச்சேன்? தரம் தெரியாத வீட்டுல குடுத்துட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

அன்னத்தாய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். சுரேஷ்கண்ணன் உள்ளேயிருந்து வந்தான். "மாமா, உக்காருங்க மாமா, வெயில்ல வந்திருக்கீக" என்றான். சுப்புத்தாய் மகனைக் கையால் நிறுத்தினாள்.

"தரம் தெரியாத வீடுன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டாக. ஏத்துடா. பெஞ்ச மட்டும் இல்ல, பீரோ, கட்டில், கரண்டி வரைக்கும் ஏத்து. ஒண்ணு போனா எல்லாம் போகணும், அதுதான் முறை. பொண்ணு பையோடதான நிக்கிறா."

அப்போதுதான் யுவராணி பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, பெஞ்சத் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போனது அத்தை இல்ல. நான்."

கோட்டைச்சாமி திரும்பினார்.

"எனக்குக் கொத்து எட்டலப்பா. எல்லாரும் தரையில நின்னு கழிக்கிறாக, நான் மட்டும் எக்கி எக்கி நின்னு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. உங்க பெட்டியக் கவுத்துப் போட்டு ஏறினேன், ரெண்டு நாள்ல ஒடிஞ்சிருச்சு. ஸ்டூலு மண்ணுல சாயுது. அதுக்கப்புறம் பெஞ்சு மேல ஏறி நின்னேன். ஆடல, அசையல. அளவெடுத்த மாதிரி கை எட்டுச்சு. என்னைய மாதிரிக் குட்டையா இன்னும் ரெண்டு பேரு இருக்காக, மூணு பேரும் சேர்ந்து நிப்போம். மழையில நனையுதேன்னு அத்தைதான் திட்டுவாக. எங்கப்பா செஞ்சது, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொல்லுவேன்."

கண்ணுகளா, அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி தாயி, அங்கனயே இருக்கட்டும் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எதிர்வீட்டுக் கதவோரம் இப்போது ஐந்து பேர். தப்பென்று ஒத்துக்கொண்டு வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற காட்சி அவர் கண்ணில் ஓடியது. மனிதர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"மிதிக்கிறது நீயா இருந்தா மட்டும் சரியாகிருமா?"

யுவராணி பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். மாமியார் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, அவுக சீரைத் திருப்பி எடுக்கல. சீரு எனக்குக் குடுத்தது, என் பொருள். நான் எங்கப்பாவுக்கு அதைக் குடுக்குறேன். மக குடுக்கிறத அப்பா வாங்கிட்டுப் போறாக, அம்புட்டுத்தான். மத்த சாமான் எதுவும் நகராது. நானும் எங்கயும் போகல."

சுப்புத்தாய் மருமகளின் தோளில் கையை வைத்தாள்.

சுரேஷ்கண்ணன் தோட்டத்துக்குப் போய்ப் பெஞ்சைக் கழுவி, வண்டியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டினான். யுவராணி ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். அன்னத்தாய் கொண்டுவந்த தாம்பாளத்தைச் சுப்புத்தாய் திருப்பவில்லை, பலகாரத்தை எடுத்துக்கொண்டு வெறும் தட்டில் வெற்றிலை வைத்தே கொடுத்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வண்டி நகரும்போது யுவராணி சொன்னாள்.

"ஆடிக்கு வரலம்மா. அப்பாவப் பார்த்துக்க."

கூடலூர் வரைக்கும் அன்னத்தாய் வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது. கோட்டைச்சாமி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சேறு போனது, நீலம் போகவில்லை, மரத்தின் உள்ளே இறங்கியிருந்தது. இழைப்புளியை எடுத்தார், வைத்தார். அதில் உட்கார்ந்து டீயைக் குடித்துப் பார்த்தார். அன்னத்தாயிடம், "நீயும் உக்காரு" என்றார். அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

தீபாவளி வந்தது. தலைத்தீபாவளி. மகளும் மருமகனும் வரவில்லை, அவர்கள் வீட்டிலேயே கொண்டாடிக்கொண்டார்கள். அன்னத்தாய் புதுத்துணியை ஒரு கட்டைப்பையில் வைத்து பஸ்ஸில் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். போனில் யுவராணி வாரம் இரண்டு தடவை அம்மாவோடு பேசுவாள். "அப்பா சாப்பிட்டாகளா" என்று கேட்பாள். சாப்பிட்டார் என்றால், சரி என்பாள். போனைக் கொடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து, அந்தச் சின்னச் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டிருப்பார்.

கார்த்திகையில் ஒரு நாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் அதே குட்டியானையைக் கூப்பிட்டார். பெஞ்சை ஏற்றினார். நேரே தோட்டத்துக்குப் போனார். இந்தத் தடவை வேலியில் நிற்கவில்லை, உள்ளேயே போனார்.

யுவராணி பந்தலுக்கு அடியில் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தாள். காலுக்குக் கீழே இரும்புச் சட்டம் போட்டு வெல்டிங் வைத்த மேடை. மண்ணில் புதையாமல் இருக்க அடியில் தகடு வைத்திருந்தது. உயரம் அவளுக்குச் சரியாக இருந்தது. சுரேஷ்கண்ணன் கம்பத்தில் சொல்லிச் செய்து வாங்கினதாம். அதற்குப் பச்சைப் பெயிண்ட்கூட அடித்திருந்தான்.

அவள் இறங்கி வந்தாள். "வாங்கப்பா" என்றாள். தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

"தாயி, பெஞ்சு கொண்டாந்திருக்கேன். இங்கனயே போட்டுக்க. எப்படி வேணாலும் மிதிச்சுக்க."

அவள் வண்டியைப் பார்த்தாள்.

"நான் உங்களுக்குக் குடுத்ததுப்பா அது. ஊரறியக் குடுத்துட்டேன். இப்ப நான் வாங்கினா, நீங்க செஞ்சதத்தான் நானும் செஞ்சதா ஆகும். அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்?"

"யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக."

"எனக்கு இது போதும்ப்பா. இது நல்லா நிக்குது."

அவள் மேடையைக் காலால் தொட்டு ஆடுகிறதா என்று பார்த்தாள், ஆடவில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க. அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்னு சொன்னாக, மறந்துராதீக" என்று சொல்லிவிட்டு ஏறி நின்று, அடுத்த கொத்தைப் பிடித்தாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வண்டிக்காரர் கேட்டார்: "இறக்கவாண்ணே?"

"வேணாம். திருப்பு."

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. உங்கள் வீட்டிலிருந்து கொடுத்த பொருளெல்லாம் கொடுத்த இடத்திலேயே சுகமாகத் தேயட்டும். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் நினைத்த நேரம் நினைத்த வாசலில் ஏறி இறங்கட்டும். உங்கள் அடுப்பும் தொட்டியும் குறையாமல் இருக்கட்டும், சொல்லவேண்டிய நல்ல வார்த்தை உங்கள் நாக்கு நுனியில் நின்றுவிடாமல் இருக்கட்டும். பார்த்துப் போய்வாருங்கள், படி ஈரமாக இருக்கும்.